ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக்கை நான் ஏன் பெரிய ஆட்டக்காரர் என்கிறேன்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து அணியை நடத்துபவர்தான் குவாட்டர்பேக். ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூட ஆடாத குவாட்டர்பேக்கைப் போய் இப்படிக் கொண்டாடுகிறீர்களே என்று எங்கள் அலுவலகத்துப் பையன் ஒருவன் கேட்டான். கேன்டீனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக், 17 சீசன், 9 அணிகள். அந்த ஒன்பது அணிகளுக்கும் முதல் ஆளாகக் களமிறங்கிய குவாட்டர்பேக், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் வரலாற்றில் வேறு யாரும் அப்படி இல்லை. முதல் ஆளாக இறங்கிய ஆட்டங்களில் 59 வெற்றி, 87 தோல்வி, ஒரு டிரா. மொத்தம் எறிந்தது 34,990 யார்டு, 35,000க்குப் பத்தே யார்டு குறை. 223 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் முடிந்து புள்ளி தந்த எறிதல்கள்), 169 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்டவை). ப்ளேஆஃப் பூஜ்யம். இந்த எண்களை மட்டும் பார்த்தால் அந்தப் பையன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த லீக்கிலேயே கஷ்டமான வேலை எது என்று என்னைக் கேட்டால், ஒரே அணியில் பதினைந்து வருடம் ராஜாவாக இருப்பதைச் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத அணிக்குப் போய், ஒரு வாரத்தில் அவர்கள் பாஷையைப் படித்து, தன்னைச் சுற்றி நிற்கிற பத்துப் பேரையும் 'இவனை நம்பலாம்' என்று நினைக்க வைப்பது, அப்புறம் அடுத்த வருடம் வேறு ஊரில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது, இதுதான் கஷ்டம் என்பேன்.

பாஷை என்று நான் சொல்வது நிஜமாகவே பாஷைதான். ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். அவருடைய ஹெல்மெட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், அடுத்த ப்ளே என்ன என்று பயிற்சியாளர் அதில் சொல்வார். ஒரு ப்ளேயின் பெயரே பத்துப் பன்னிரண்டு சொல் நீளம், யார் எங்கே நிற்க வேண்டும், யாரை யார் தடுக்க வேண்டும், யார் எந்தப் பாதையில் ஓட வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அதை ஒரு தடவை காதில் வாங்கி, வட்டமாகக் கூடி நிற்பவர்களிடம் பிசகில்லாமல் ஒப்பிக்க வேண்டும். ஒவ்வொரு ப்ளேக்கும் ஓடுகிற கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது ஸ்பீக்கர் அடங்கிவிடும். அதற்கப்புறம் எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்து மாற்றுவதோ, அப்படியே விடுவதோ அவர் பாடு. ஒரே ஓட்டத்துக்கு இந்த அணியில் ஒரு பெயர், அந்த அணியில் இன்னொரு பெயர். அணி மாறினால் பழையதை மறந்தாக வேண்டும், ஏனென்றால் பழைய பெயர் ஒன்று வாய்தவறி வந்தாலும் ஆட்கள் வேறு திசையில் ஓடுவார்கள்.

எனக்கு இந்த ஆட்டம் வந்து சேர்ந்தது பெங்களூர் மாரத்தஹள்ளி அலுவலகம் வழியாக. நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன், கிரிக்கெட்டும் கொஞ்சம் கால்பந்தும்தான் தெரியும். 2011இல் எங்கள் டீமுக்கு வாய்த்த வாடிக்கையாளர்கள் பஃபலோ நகரத்துக்காரர்கள். திங்கட்கிழமை சாயங்காலம் அவர்களோடு பேசும் போன் அழைப்பில் முதல் சில நிமிடம் அவர்கள் ஊர் அணியான பில்ஸ் பற்றிய புலம்பலிலேயே போகும். செப்டம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அத்தனை பேரும் கல்யாண வீட்டு உற்சாகத்தில் இருந்தார்கள். முந்தின நாள், வரிசையாக 15 தடவை தங்களைத் தோற்கடித்திருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை, 21-0 என்று பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து 34-31 என்று வென்றிருந்தார்கள். யார் அந்தக் குவாட்டர்பேக் என்று கேட்டேன். தாடிக்காரர், ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர் என்றார்கள். அன்று பிடித்தது.

அவர் லீக்குக்குள் வந்ததே வாசல்படி ஓரமாகத்தான். 2005 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், மொத்தம் 255 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், இவர் 250ஆவது. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் எடுத்தது. மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தவருக்கு அந்த நவம்பரில் வாய்ப்பு வந்தது, முதல் ஆளுக்கு ஏற்கெனவே காயம், இரண்டாவது ஆளும் ஹூஸ்டனில் ஆட்டத்துக்கு நடுவே அடிபட்டு வெளியேறினார். இடைவேளையில் 24-3 என்று பின்தங்கியிருந்த அணியை இழுத்துப் பிடித்து, கூடுதல் நேரத்தில் கெவின் கர்ட்டிஸுக்கு எறிந்த 56 யார்டு டச்டவுனில் 33-27 என்று ஜெயிக்க வைத்தார். முதல் ஆட்டம், 310 யார்டு, 3 டச்டவுன். இப்படித் தொடங்கியவருக்கு அடுத்த சீசனிலிருந்து நிரந்தர இடம் கிடைத்திருக்கும் என்று நினைப்பீர்கள், கிடைக்கவில்லை. சின்சினாட்டிக்குப் போனார். அங்கே 2008இல் கார்சன் பால்மருக்கு முழங்கையில் அடிபட்டதால் 12 ஆட்டங்கள் கிடைத்தன. நான்கு வெற்றி, ஏழு தோல்வி, ஃபிலடெல்ஃபியாவோடு 13-13 என்று ஒரு டிரா.

பஃபலோவில்தான் முதல் முறையாக 'இது என் அணி' என்று சொல்லும்படி இருந்தார். 2011 அக்டோபரில் ஆறு வருடம், 5.9 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்த சீசன் ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி (5-2) என்று தொடங்கி 6-10 என்று முடிந்தது, இடையில் விலா எலும்பு விரிசலோடு ஆடியிருக்கிறார் என்று அப்புறம் தெரிய வந்தது. 2013 மார்ச்சில் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆறு வருட ஒப்பந்தம் ஒன்றரை வருடம்கூட ஓடவில்லை. இந்த லீக்கில் காகிதத்தில் எழுதியிருக்கும் தொகை ஒன்று, உத்தரவாதமான தொகை ஒன்று. உத்தரவாதம் 2.4 கோடி, மிச்சமெல்லாம் வேலையில் இருந்தால்தான். நாளிதழில் பெரிய எழுத்தில் வருகிற தொகையைப் பார்த்து 'இவர்களுக்கு என்ன கவலை' என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

டென்னஸியில் ஒரு வருடம், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2014இல் ஹூஸ்டன். நடுச் சீசனில் உட்கார வைத்தார்கள், அவருக்குப் பதிலாக இறங்கியவருக்கு இரண்டே ஆட்டத்தில் காயம், திரும்பக் கூப்பிட்டார்கள். வந்த முதல் ஆட்டத்தில் 6 டச்டவுன். எதிரே நின்றது அந்த மார்ச்சில் அவரை அனுப்பிவைத்த அதே டென்னஸி. ஆட்டம் முடிந்து நிருபர்கள் முன்னால் பேச வந்தபோது சிறுவனான தன் மகனையும் கூட்டி வந்து, 93ஐ 97ஆல் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டார். பையன் 9,021 என்றான். எல்லாரும் ஆறு டச்டவுன் பற்றிக் கேட்கக் காத்திருக்க, மனிதர் மகனின் மனக்கணக்கைக் காட்டிப் பூரிக்கிறார். இரண்டு வாரத்தில் கால் எலும்பு முறிந்தது. அடுத்த வசந்தத்தில் நியூயார்க் ஜெட்ஸ்.

ஜெட்ஸ் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அங்கேயும் அவர் பேக்கப்பாகத்தான் போனார். முதல் ஆளாக இருந்த ஜீனோ ஸ்மித்தை ஆகஸ்ட் மாதம் உடைமாற்றும் அறையில் சக ஆட்டக்காரர் ஒருவர் குத்தியதில் தாடை உடைந்துபோனது, அதனால் இவர் இறங்கினார். 31 டச்டவுன், ஒரு சீசனில் ஜெட்ஸ் குவாட்டர்பேக் எவரும் அவ்வளவு எறிந்ததில்லை. பிராண்டன் மார்ஷலுக்கு மட்டும் 14. கடைசி வாரத்துக்கு வரும்போது அணி 10-5. ஒரே ஒரு ஆட்டம், ஜெயித்தால் ப்ளேஆஃப். அந்த ஆட்டம் பஃபலோவில், இவர் நான்கு வருடம் ஆடிய அதே மைதானத்தில். 2016 ஜனவரி 3, நம் நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரை மணி. மறுநாள் வேலை நாள் என்பதை மறந்து உட்கார்ந்திருந்தேன். நான்காம் கால்பகுதியில் மூன்று இன்டர்செப்ஷன். 22-17 என்று தோல்வி. முதலாவது எதிரணியின் எல்லைக்குப் பக்கத்தில் போய்ப் பிடிபட்டது, அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த இரண்டும் அவசரத்தில் போனவை.

அவரைப் பிடிக்கும் என்பதற்காக அந்த மூன்றையும் நான் மறைக்க விரும்பவில்லை. எங்கு எறியக் கூடாதோ அங்கும் எறிவார், அது அவர் ஆட்டத்தின் பாதி. அடுத்த சீசனில் கான்சஸ் சிட்டியில் ஒரே ஆட்டத்தில் ஆறு இன்டர்செப்ஷன் கொடுத்தார். அதே துணிச்சல் சரியாக அமைந்த நாள்களில்தான் அந்த 34-31ம், அந்த ஆறு டச்டவுனும் வந்தன. ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. நிரந்தர இடம் கொடுக்க எல்லா அணியும் ஏன் தயங்கியது, ஆள் இல்லாதபோது எல்லா அணியும் ஏன் இவரைக் கூப்பிட்டது, இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றேதான்.

2018 செப்டம்பரைப் பாருங்கள். டேம்பா பே அணியின் ஜேமிஸ் வின்ஸ்டனுக்கு மூன்று ஆட்டத் தடை, அந்த மூன்றுக்கும் இவர். நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக 417 யார்டு, 48-40 வெற்றி. ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 402, வெற்றி. பிட்ஸ்பர்குக்கு எதிராக 411, தோல்வி. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் 400 யார்டு தாண்டிய முதல் குவாட்டர்பேக் இவர்தான், அதற்கு முன்னால் எந்தப் பெரிய பெயரும் அதைச் செய்ததில்லை. செப்டம்பர் 30ஆம் தேதி சிகாகோவில் ஆட்டம் சரியில்லை, பாதியிலேயே எடுத்துவிட்டார்கள். சாதனையிலிருந்து பெஞ்சுக்கு ஒரு வாரம்.

பெஞ்ச் என்றதும் பெங்களூர்க்காரர்களுக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும், ஐடி கம்பெனியில் ப்ராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பது. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், திருப்பத்தூர் பக்கம், ஜீவன்பீமா நகரில் குடியிருப்பவர், வருடக்கணக்காகக் கான்ட்ராக்டில்தான் வேலை பார்க்கிறார். ப்ராஜெக்ட் முங்கப்போகிற நேரத்தில்தான் அவருக்கு போன் வரும். போய், யாரோ எழுதிய ப்ரோகிராமை யாரையும் குறை சொல்லாமல் படித்து, கரை சேர்த்துவிட்டு வெளியே வருவார். பாராட்டுக் கூட்டத்தில் அவர் பெயர் இருக்காது. 'புது இடத்துல முதல் ரெண்டு நாள் எதையும் தொட மாட்டேன் தம்பி, யாரு யாருகிட்ட பேசுறாங்கன்னு பார்ப்பேன், அதுக்கப்புறம்தான் கீபோர்டு' என்று ஒரு முறை சொன்னார். ஃபிட்ஸ்பேட்ரிக்கோடு ஆடியவர்கள் அவரைப் பற்றிச் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான், வந்த சில நாளில் எல்லாரையும் சேர்த்துக்கொள்வார், தன்னைவிடச் சின்னவனோடும் உட்கார்ந்து சிரிப்பார் என்பார்கள்.

கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பஃபலோவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த சான் கெய்லிதான் ஜெட்ஸில் அட்டாக் பிரிவின் பொறுப்பாளர், 2020இல் மயாமியிலும் அவரே. மூன்று ஊரிலும் குவாட்டர்பேக் இவர். ஒரு பயிற்சியாளர் தன் முறையைப் புது அணிக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால், அதை ஏற்கெனவே தெரிந்த ஒருவர் களத்துக்குள் இருப்பது பாதி வேலை முடிந்த மாதிரி. இப்படிப்பட்ட ஆட்டக்காரர் அணிக்கு ஆசிரியரும்கூட, சம்பளக் கணக்கில் அது தெரியாது.

மயாமியில் அவர் எதற்காக இருக்கிறார் என்பது முதலிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். டூவா டங்கோவைலோவாவை 2020 டிராஃப்டில் ஐந்தாவது இடத்தில் எடுத்திருந்தார்கள், அந்தப் பையன் தயாராகும் வரை இவர். ஆனால் அணி நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது, வரிசையாக இரண்டு வெற்றி, 3-3. அந்த நேரத்தில் இடத்தைப் பறித்தார்கள். மனசு உடைந்துபோனது என்று வெளிப்படையாகவே சொன்னார். சொல்லிவிட்டு, டூவாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைத் தொடர்ந்தார்.

டிசம்பர் 26, லாஸ் வேகஸ். நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. நான்காம் கால்பகுதியில் டூவாவை எடுத்துவிட்டு இவரை இறக்கினார்கள். 19 விநாடி மிச்சம், 25-23 என்று ரெய்டர்ஸ் முன்னிலை, பந்து மயாமியின் 25 யார்டு கோட்டில், கடிகாரத்தை நிறுத்தக் கையில் டைம்அவுட் இல்லை. ஃபிட்ஸ்பேட்ரிக் பின்னால் நகர்ந்து கையை ஓங்குகிறார். அதே நொடியில் பாய்ந்து வந்த ரெய்டர்ஸின் ஆர்டன் கீயின் கை ஹெல்மெட்டின் முன்கம்பியில் மாட்டிக்கொள்கிறது. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது, முகம் களத்தைப் பார்க்கவே இல்லை. பந்து எங்கே போகிறது என்று அவரால் பார்க்க முடியாது. ஆனாலும் கை தன் வேலையை முடித்தது. 34 யார்டு தள்ளி, ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில், மேக் ஹாலின்ஸ் கையில் விழுந்தது. முன்கம்பியைப் பிடித்ததற்கு இன்னும் 15 யார்டு. ஜேசன் சாண்டர்ஸ் 44 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்தார், மயாமிக்கு 26-25 வெற்றி. அந்த எறிதலை எத்தனையோ தடவை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஹாலின்ஸ் எந்தப் பாதையில் ஓடுவார் என்பது மனப்பாடமாக இருந்தால்தான் அப்படி எறிய முடியும். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் தலை திரும்புவதற்கு முந்தின நொடியை மட்டும் பாருங்கள், முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

அடுத்த வாரம் மறுபடி பஃபலோ, மறுபடி ப்ளேஆஃப் வாய்ப்பு. ஃபிட்ஸ்பேட்ரிக்குக் கோவிட். மயாமி 56-26 என்று தோற்றது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

2021இல் வாஷிங்டன், இந்த முறை முதல் ஆளாகவே எடுத்தார்கள். முதல் ஆட்டம், இரண்டாம் கால்பகுதி, இடுப்பில் அடி. அதற்கப்புறம் அவர் ஆடவில்லை. 2022 ஜூனில் ஓய்வு.

இதே மாதிரி அணி அணியாகப் போன இன்னொரு குவாட்டர்பேக் ஜோஷ் ஜான்சனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் தப்பு. 2008இல் வந்தவர், முதல் ஆளாக இறங்காத அணிகளையும் சேர்த்து 14 அணிகளில் இருந்தவர், லீக்கிலேயே அதிகம். 2018 டிசம்பரில் வாஷிங்டனில் வரிசையாகக் குவாட்டர்பேக்குகள் கால் முறிந்து விழ, வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டார்கள். புது அணியில் யார் யார் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ள மேடன் வீடியோ கேமைப் போட்டு ஆடிப் பார்த்தேன் என்று அவரே சொன்னார். வந்த இரண்டாவது வாரத்தில் ஜாக்சன்வில்லை 16-13 என்று வென்றார்கள், முதல் ஆளாக இறங்கி அவர் பெற்ற முதல் வெற்றி அது. பத்து வருடம் கழித்து. 2023 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்காக, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்னால், ப்ராக் பர்டிக்கு முழங்கை போனதும் இவர் இறங்கினார், தலையில் அடிபட்டு இவரும் வெளியேற வேண்டி வந்தது. எறிய முடியாத கையோடு பர்டியே திரும்ப வந்து நின்றார்.

நம் ஊர் கணக்கில் பார்த்தால் ஏரன் ஃபின்ச் ஐபிஎல்லில் ஒன்பது அணிகளுக்கு ஆடியவர், அவரும் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் சரிசமம். ஆனால் என் மனசுக்கு நெருக்கமானவர் தினேஷ் கார்த்திக். ஆறு அணிகள், தோனிக்கு முன்னாலேயே இந்திய அணிக்குள் வந்து, அப்புறம் தோனி காலம் முழுக்க வாசலில் நின்றவர். 2024 ஏப்ரலில் சின்னசாமி மைதானத்தில் ஹைதராபாத் 287 அடித்த அன்று, ஜெயிக்க வழியே இல்லாத துரத்தலில் 35 பந்தில் 83 அடித்தார். ஆட்டம் தோற்றது, மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. கன்னடக்காரர், தமிழர், தெலுங்கர் என்று எல்லாரும். அந்தக் கை தட்டலில் இருந்த மரியாதைதான் ஃபிட்ஸ்பேட்ரிக்குக்கும் வேண்டும் என்கிறேன்.

பஃபலோக்காரர்கள் அதைக் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில், கடும் பனிக்குளிரில், பில்ஸ் தங்கள் ஊரில் பேட்ரியட்ஸோடு ப்ளேஆஃப் ஆடியபோது, கூட்டத்துக்கு நடுவே சட்டையில்லாமல் தாடியோடு ஒருவர் கத்திக்கொண்டிருந்தார், பார்த்தால் ஃபிட்ஸ்பேட்ரிக். ஒன்பது வருடம் முன்னால் அவரை வேண்டாம் என்று அனுப்பிய அணி அது. பில்ஸ் 47-17 என்று ஜெயித்தது.

பார்க்க விரும்புகிறவர்கள் 2018இன் அந்த நியூ ஆர்லியன்ஸ் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள், அதன் சுருக்கமே போதும். அடுத்து லாஸ் வேகஸ் கடைசி 19 விநாடி. மனம் திடமாக இருந்தால் 2016 பஃபலோ ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியையும் பாருங்கள், அதைப் பார்க்காமல் இவரைப் பற்றி முழுசாகப் பேச முடியாது. இப்போது வியாழக்கிழமை ஆட்டங்களுக்கு அமேசானில் வந்து பேசுகிறார், நமக்கு வெள்ளி அதிகாலை. அலுவலகத்துப் பையனுக்கும் இதே வரிசையில் லிங்க் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.